மறுத்தவரா, துறந்தவரா? – திருத்தந்தை ஐந்தாம் செலஸ்டினும் இலக்கியத்தின் தீர்ப்பும்

பெயர் சொல்லாமலேயே ஒருவரைப் பழிக்க முடியும். அந்தப் பழி எழுநூறு ஆண்டுகள் நிலைத்து நிற்கவும் முடியும். இதற்குச் சான்று வேண்டுவோர், இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தேயின் 'தெய்வீக நாடகம்' என்னும் காவியத்தைத் திறந்து, நரகப் பகுதியின் மூன்றாம் படலத்தைப் படித்துப் பார்க்கலாம். நரகத்தின் வாயிலுக்கு உள்ளே, அதன் ஆற்றுக்கு இப்பால், ஒரு வெளி இருக்கிறது. நன்மையின் பக்கமும் நில்லாமல் தீமையின் பக்கமும் நில்லாமல் வாழ்ந்து முடித்தவர்கள் அங்கே ஒரு கொடியின் பின்னால் ஓய்வின்றி ஓடுகிறார்கள். குளவிகள் அவர்களைக் கொட்டுகின்றன. விண்ணகம் அவர்களை ஏற்பதில்லை. நரகமும் தன் ஆழத்தில் அவர்களுக்கு இடம் தருவதில்லை. அந்தக் கூட்டத்தில் கவிஞர் ஒரு நிழலைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொள்கிறார். ஆனால் பெயரைச் சொல்லவில்லை. அச்சத்தினால் மிகப் பெரிய ஒன்றை வேண்டாமென்று தள்ளியவர் என்ற குறிப்பை மட்டும் தந்துவிட்டு மேலே நடக்கிறார்.

அந்த நிழல் யாருடையது? கவிஞரின் மகன் ஜாக்கோபோ அலிகியேரி முதலாகத் தொடக்ககால உரையாசிரியர் பலரும் சொன்ன விடை ஒன்றே: அவர் திருத்தந்தை ஐந்தாம் செலஸ்டின், 1294-ஆம் ஆண்டு டிசம்பர் 13 அன்று திருத்தந்தைப் பணியிலிருந்து தாமே விலகியவர். அதே செலஸ்டினைத் திருச்சபை 1313-இல் புனிதர் வரிசையில் சேர்த்தது. பீடத்தில் வைத்து வணங்கப்படும் ஒருவரை, உலகின் தலைசிறந்த கிறிஸ்தவக் காவியம் நரக வாயிலில் நிறுத்தியிருக்கிறது. இவ்விரு தீர்ப்புகளுள் எது நேர்மையானது? இலக்கியத்தை நேசிப்பவர்களாகவும் நம்பிக்கை கொண்டவர்களாகவும் இருக்கிற நாம் இக்கேள்வியை எளிதாகத் தாண்டிச் செல்வதற்கில்லை.

மலையிலிருந்து அரியணைக்கு

செலஸ்டின் என்பது அரியணை ஏறியபோது பூண்ட பெயர். இயற்பெயர் பியெத்ரோ, அதாவது பேதுரு. தென் இத்தாலியின் மோலிசே பகுதியில் 1209-ஆம் ஆண்டை ஒட்டி எளிய உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இளமையிலேயே புனித ஆசீர்வாதப்பர் சபையில் சேர்ந்தார். மடத்தின் அமைதியும் அவருக்குப் போதவில்லை. சுல்மோனா நகருக்கு மேலே எழுந்து நிற்கும் மொரோனே மலையில் தனித்து வாழ்ந்தார். அங்கும் மக்கள் திரண்டு வரவே, மயெல்லா மலைத்தொடரின் உயர்ந்த பாறைகளை நாடிச் சென்றார். தனிமையைத் தேடியவரைச் சீடர்கள் தேடி வந்தார்கள். 1263-இல் திருத்தந்தை நான்காம் உர்பான் அக்குழுவை ஆசீர்வாதப்பர் சபையின் ஒழுங்கில் இணைத்தார். 1274-இல் லியோன் நகரில் பொதுச்சங்கம் கூடியபோது, தம் குழு கலைக்கப்படக்கூடும் என அஞ்சிய பேதுரு, இத்தாலியிலிருந்து நடந்தே அந்நகருக்குச் சென்று, திருத்தந்தை பத்தாம் கிரகோரியிடம் அதற்கு உறுதி பெற்று வந்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்திருத்தல் நன்று. பொறுப்பு என்றதும் ஓடி ஒளிகிற மனிதர் இப்படி ஒரு பயணத்தை மேற்கொள்ளமாட்டார்.

1292 ஏப்ரல் 4 அன்று திருத்தந்தை நான்காம் நிக்கோலாஸ் மறைந்தார். அவருக்குப் பின் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கர்தினால்கள் பன்னிருவரே. ஆனால் ஓர்சீனி, கொலோன்னா ஆகிய உரோமைக் குடும்பங்களின் பகைமை அச்சிறு குழுவையும் பிளந்தது. இருபத்தேழு மாதங்கள் பேதுருவின் அரியணை காலியாகக் கிடந்தது. இறுதியில் பெரூஜா நகரில் கூடியிருந்தபோது, கர்தினால் லத்தீனோ மலபிராங்கா, இனியும் காலம் தாழ்த்தினால் இறைவனின் தண்டனை வரும் என்று ஒரு புனிதத் துறவி எச்சரித்திருப்பதாக அறிவித்தார். அத்துறவி மொரோனே மலைப் பேதுருவே. அவரையே தேர்ந்தெடுத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. 1294 ஜூலை 5 அன்று எல்லாரும் அதற்கு இசைந்தனர். செய்தி கொண்டுவந்த தூதர்கள் அவரைச் சந்தித்தது, பாறையை ஒட்டிய ஒரு சிற்றறையில். எண்பது வயதைக் கடந்த அம்முதியவர் கலங்கினார், செபித்தார், பின்னர் ஏற்றுக்கொண்டார்.

ஏற்றுக்கொண்டார் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த வரலாற்றின் திருப்புமுனை அங்கேதான் இருக்கிறது.

ஐந்து மாதங்கள்

1294 ஆகஸ்ட் 29 அன்று, லாக்விலா நகரில், அவரே எழுப்பிய கொல்லெமாஜ்ஜோ அன்னை மரியா ஆலயத்தில் முடிசூட்டு விழா நடந்தது. அவர் கழுதையின் மேல் அமர்ந்து நகருக்குள் வந்தார். கடிவாளத்தைப் பிடித்து நடந்தவர்கள் இருவர்: நேப்பிள்ஸ் மன்னர் இரண்டாம் சார்லசும் அவருடைய மகனும். எருசலேமுக்குள் நுழைந்த ஆண்டவரை நினைவூட்டிய காட்சி அது. ஆயினும் கடிவாளம் யார் கையில் இருந்தது என்பதையும் அக்காட்சி சொல்லிவிட்டது. சில வாரங்களில் அவர் புதிதாக ஏற்படுத்திய கர்தினால்கள் பன்னிருவரில் எழுவர் பிரெஞ்சு நாட்டவர். மன்னரின் விருப்பம் அதில் வெளிப்படை. உரோமைக்குச் செல்லாமல், மன்னரின் நகரான நேப்பிள்சுக்கே அவர் அழைத்துச் செல்லப்பட்டார். ஒரே பதவி ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வழங்கப்பட்டதாகவும், எழுதப்படாத ஆவணங்களிலேயே முத்திரை இடப்பட்டதாகவும் அக்காலத்தவர் குறைகூறினர். அவருக்கு இலத்தீன் மொழியில் போதிய தேர்ச்சி இல்லை. திருச்சபைச் சட்டமும் தெரியாது. இல்லை என்று சொல்லவும் தெரியாது. புனிதர் என்பதற்காக இக்குறைகளை மூடி மறைப்பது அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. அவரே அவற்றை மறைக்கவில்லை.

அவர் அரியணை ஏறியபோதே ஒரு கவிஞர் எச்சரித்தார். தோதி நகரின் பிரான்சிஸ்கன் துறவி ஜாக்கோப்போனே எழுதிய பாடல் வாழ்த்துப்பா அன்று. பொன்னின் மாற்றை உரைகல் காட்டுவது போல் இப்பதவி உம்மைக் காட்டிவிடும் என்ற பொருளில், பேராசை பிடித்தவர்கள் சூழ்ந்திருக்கும் அவையில் ஒரு தூய மனிதர் என்ன செய்யப்போகிறார் என்று அப்பாடல் கேட்கிறது. செலஸ்டினைப் பற்றிய இலக்கியம் இவ்வாறு ஒரு கேள்வியோடுதான் தொடங்கியது. தீர்ப்புகள் பின்னால் வந்தவை.

நேப்பிள்சின் புதுக்கோட்டையில், அரண்மனை அறைகளுக்கு நடுவே, அவர் பலகைகளால் ஒரு சிற்றறை அமைத்துக்கொண்டார். திருவருகைக்காலம் நெருங்கியதும், அந்நாள்களில் தாம் தனிமையில் செபித்திருக்க, மூன்று கர்தினால்கள் ஆட்சியைக் கவனிக்கலாமா என்று எண்ணினார். அது முறையன்று என எதிர்ப்பு எழுந்தது. ஒரு திருத்தந்தை பதவி விலக இயலுமா என்று சட்டம் அறிந்தவர்களைக் கேட்டார். கேட்கப்பட்டவர்களுள் ஒருவர் கர்தினால் பெனெதெத்தோ கயெத்தானி. விலகலாம் என்பதை முதலில் சட்டமாக அறிவித்துவிட்டு, டிசம்பர் 13 அன்று கர்தினால்கள் முன்னிலையில் செலஸ்டின் தம் விலகலைப் படித்தார். தாழ்மை, நல்வாழ்வு வாழும் விருப்பம், உடல் தளர்ச்சி, அறிவுக் குறைவு, மக்களின் தீய எண்ணம், பழைய அமைதிக்கான ஏக்கம் ஆகியவற்றைக் காரணங்களாகக் கூறினார். திருத்தந்தைக்குரிய அணிகளைக் களைந்துவிட்டு மீண்டும் துறவியின் உடையை அணிந்துகொண்டார்.

பதினொரு நாள்களில், டிசம்பர் 24 அன்று, அதே கயெத்தானி எட்டாம் போனிஃபாஸ் என்ற பெயருடன் திருத்தந்தையானார். முன்னவரைக் கருவியாக்கிப் பிரிவினை எழக்கூடும் என்று அவர் அஞ்சினார். மலைக்குத் திரும்ப விரும்பிய பேதுருவுக்கு அது கிட்டவில்லை. தப்பியோடியவர், கடல் கடந்து கிரேக்க நாட்டுக்குச் செல்ல முயன்றபோது வியெஸ்தே நகரருகே பிடிபட்டார். ஃபுமோனே கோட்டையில் அடைக்கப்பட்டார். 1296 மே 19 அன்று அங்கேயே இறந்தார்.

தாந்தேயின் சினம்

இந்த வாழ்வைத் தாந்தே எவ்வாறு படித்தார்? அவருடைய கண்கள் செலஸ்டினைப் பார்த்தபோது, பின்னால் நின்ற போனிஃபாசையும் சேர்த்தே பார்த்தன. போனிஃபாசின் அழைப்பின் பேரில் 1301-இல் வால்வா இளவரசர் சார்லஸ் ஃபுளோரன்சுக்குள் வந்தார். கவிஞரின் எதிர்க்கட்சி ஆட்சியைப் பிடித்தது. 1302-இல் தாந்தே நாடு கடத்தப்பட்டார். அதன் பின் தம் ஊரை அவர் காணவே இல்லை. அம்முதியவர் அரியணையில் இருந்திருந்தால் இவர் வந்திருக்கமாட்டார் என்ற எண்ணம் அகதி ஒருவரின் நெஞ்சில் எழுவது இயல்பே. நரகப் பகுதியின் இருபத்தேழாம் படலத்தில், தம் முன்னவர் திறவுகோல்களின் மதிப்பை உணராதவர் என்னும் கருத்தைப் போனிஃபாசின் வாயிலேயே கவிஞர் வைக்கிறார். அந்த ஏளனத்தைப் படிக்கும்போது, மூன்றாம் படலத்து நிழலும் செலஸ்டினே என்ற உரையாசிரியர்களின் கருத்து வலுப்பெறுகிறது.

ஆயினும் உரையாசிரியர்கள் எல்லாரும் ஒரே கருத்தினர் அல்லர். பதினான்காம் நூற்றாண்டிலேயே இமோலா நகரின் பென்வெனூத்தோ, அந்த நிழல் தலைமகன் உரிமையைக் கூழுக்கு விற்ற ஏசாவாக இருக்கலாம் என்றார். ஆண்டவருக்குத் தீர்ப்பு வழங்கும் பொறுப்பைக் கை கழுவிய பிலாத்து என்று கருதியவர்களும் உண்டு. ஒரு புனிதரைக் காப்பாற்றும் பக்தியால் மட்டும் இவ்வுரைகள் எழவில்லை. பாடலே அதற்கு இடம் தருகிறது. ஏனெனில் கவிஞர் சொல்வது மறுப்பு. செலஸ்டின் பதவியை மறுக்கவில்லை. அவர் ஏற்றார், சுமந்தார், சுமக்க இயலாது என்று கண்டார், இறக்கி வைத்தார். வழங்கப்படும் ஒன்றைக் கைநீட்டாமல் தள்ளுவது மறுப்பு. கையில் இருக்கும் ஒன்றை விடுவது துறப்பு. தமிழில் இவ்விரு சொற்களும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. உலகைத் துறப்பதற்கும் பதவியைத் துறப்பதற்கும் நம் மொழி ஒரே வினைச்சொல்லைப் பயன்படுத்துவதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

எனவே, நிழல் செலஸ்டினுடையது என்றே கொண்டாலும், தாந்தேயின் தீர்ப்பில் இரு குறைகளைக் காண்கிறேன். ஒன்று, விளைவைக் கொண்டு செயலை அளந்தது. போனிஃபாஸ் செய்தவற்றுக்குப் போனிஃபாசே பொறுப்பு. மற்றொன்று, தேர்ந்தெடுத்தவர்களைக் கேள்வி கேட்காமல் விட்டது. இருபத்தேழு மாதங்கள் தங்கள் கடமையைச் செய்யாத மனிதர்கள், தங்கள் தோல்வியை மூடிக்கொள்ள ஒரு புனிதரைப் போர்வையாக்கினார்கள். அந்த வாயில் வெளியில் கொடியின் பின்னே ஓட வேண்டியவர்கள் யாரேனும் இருந்தால், எந்தப் பக்கமும் முடிவு செய்யாமல் காலம் கடத்திய அவர்களே முதலில் ஓட வேண்டியவர்கள். பெருங்காவியத்தின் முன் தலை வணங்குகிறோம்; ஆனால் பெருங்கவிஞரின் சினம் எப்போதும் நீதியாகிவிடாது.

பெட்ரார்க்கின் மகிழ்ச்சி

தாந்தேக்கு அடுத்த தலைமுறையில் வந்த பெட்ரார்க், 1346-இல் எழுதத் தொடங்கிய 'தனிமை வாழ்வு' என்னும் இலத்தீன் நூலில் இதே செலஸ்டினை எடுத்துக்கொள்கிறார். முன்னவர் இகழ்ந்ததை இவர் புகழ்கிறார். அந்த விலகல், எந்த நுகத்துக்கும் அடங்காத உயர்ந்த உள்ளத்தின் செயல் என்பது இவர் கருத்து. அரியணையை விட்டு வெளியேறியபோது அம்முதியவரின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை, நேரில் கண்டவர்கள் சொல்லக் கேட்டதாகவும் எழுதுகிறார்.

படிப்பவர் மனம் நெகிழ்கிறது. எனினும் இங்கேயும் ஒரு கேள்வி எழுகிறது. பெட்ரார்க் விரும்பிய தனிமை, நூல்களும் நண்பர்களும் நீரூற்றும் சூழ்ந்த புலவரின் தனிமை. பேதுருவின் தனிமை பட்டினியும் குளிரும் கண்ணீரும் கலந்தது. தம் நூலின் நோக்கத்துக்கு ஏற்ற நாயகராகப் பெட்ரார்க் அவரை ஆக்கிக்கொண்டார். அந்த மகிழ்ச்சிக்குப் பின் வந்த ஃபுமோனே கோட்டையின் இருட்டு, அவர் தீட்டிய ஓவியத்தில் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. தாந்தே விளைவை மட்டும் பார்த்தார் என்றால், பெட்ரார்க் உள்ளுணர்வை மட்டும் பார்த்தார் எனலாம்.

சிலோனேயின் மனச்சான்று

ஆறு நூற்றாண்டுகள் கடந்து, 1968-இல், இன்யாட்சியோ சிலோனே 'ஓர் ஏழைக் கிறிஸ்தவனின் துணிகரப் பயணம்' என்று பொருள்படும் நாடக நூலை வெளியிட்டார். சிலோனே அதே அப்ருட்சோ மலைநாட்டின் மைந்தர். 1900-இல் பெஷீனா என்னும் ஊரில் பிறந்தவர். 1921-இல் இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சியின் தொடக்கத்தில் பங்கேற்று, 1931-இல் அதிலிருந்து நீக்கப்பட்டவர். தாம் உயிரைக் கொடுத்து நம்பிய அமைப்பு, மனச்சான்றை அடகு வைக்கச் சொல்லும்போது என்ன நேரும் என்பதை அனுபவித்து அறிந்தவர். ஆகவே அவருடைய செலஸ்டின் கோழையும் அல்லர், புலவரும் அல்லர். அதிகாரத்தின் மொழி தம் நாவில் ஏறுவதைக் கண்டு திடுக்கிடுகிற எளிய கிறிஸ்தவர். செலஸ்டினும் போனிஃபாசும் நேருக்கு நேர் பேசும் உரையாடல்களில் நாடகம் உச்சத்தை அடைகிறது.

மூன்று தீர்ப்புகளுள் இதுவே மனித நேயம் மிக்கது என்பேன். ஆனால் இதிலும் ஒரு சாய்வு உண்டு. நற்செய்தி ஒரு பக்கம், அமைப்பு மறுபக்கம் என்று சிலோனே கோடு கிழிக்கிறார். வரலாற்றில் அக்கோடு அவ்வளவு நேராக இல்லை. செலஸ்டினே ஒரு சபையை நிறுவியவர். அதன் சட்ட உரிமைக்காக மலைகள் தாண்டி நடந்தவர். திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும்வரை கர்தினால்களை அடைத்துவைக்க வேண்டும் என்று 1274-இல் பத்தாம் கிரகோரி வகுத்துப் பின்னர் நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஒழுங்கை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. தமக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக்கூடாது என்ற அக்கறையின் வெளிப்பாடாகவே இதனைக் காண்கிறேன். அவர் அமைப்பை வெறுத்தவர் அல்லர். அதனை நடத்தும் ஆற்றல் தமக்கு இல்லை என்று அறிந்தவர்.

திறந்து நிற்கும் கதவு

புனிதத்தன்மை வேறு, தகுதி வேறு. ஒருவர் தூயவராக இருப்பதனாலேயே எல்லாப் பொறுப்புக்கும் உரியவர் ஆகிவிடமாட்டார். இந்த எளிய உண்மையைப் பெரூஜாவில் கூடியவர்கள் மறந்தார்கள். செலஸ்டின் ஐந்து மாதங்களில் கற்றுக்கொண்டார். அவரிடம் தவறு உண்டென்றால், அது விலகியதில் இல்லை, ஏற்றதில் இருக்கிறது. அதையும் இறைவனின் குரல் என்று நம்பியே செய்தார். தவறென்று கண்டபின், உலகம் சிரிக்கும் என்று அறிந்தும், தம் அறியாமையைத் தம் வாயாலேயே அவையில் படித்தார். கோழை தன் குறையை மறைப்பான், அவர் அறிவித்தார். கோழையின் மறுப்புக்கும் துறவியின் துறப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அவர் விட்டுச் சென்றவை இரண்டு. ஒன்று சட்டம். அவருடைய விலகல் செல்லாது என்று 1297-இல் கொலோன்னா கர்தினால்கள் வாதிட்டபோது, உரோமை நகர் ஜைல்சும் பேதுரு யோவான் ஒலிவியும் அது செல்லும் என்று எழுதினர். போனிஃபாசே 1298-இல் அவ்வுரிமையைத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் சேர்த்தார். 1983-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பிலும் அது 332-ஆம் விதியாக வாழ்கிறது. 2009 ஏப்ரலில் நிலநடுக்கம் லாக்விலாவைச் சிதைத்தபின் அங்கே சென்ற திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், இடிந்த கொல்லெமாஜ்ஜோ ஆலயத்தில் செலஸ்டினின் கண்ணாடிப் பேழை மீது தம் பாலியம் என்னும் தோள் துகிலை வைத்துவிட்டு வந்தார். அதன் பொருள் அன்று பலருக்கு விளங்கவில்லை. 2013 பிப்ரவரி 11 அன்று அவர் தம் விலகலை அறிவித்தபோது உலகம் அந்தத் துகிலை நினைத்துப் பார்த்தது.

மற்றொன்று மன்னிப்பு. முடிசூட்டு நாளின் நினைவாக, மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் செய்து, ஆகஸ்ட் 28 மாலை முதல் 29 மாலை வரை கொல்லெமாஜ்ஜோ ஆலயத்துள் நுழையும் எவருக்கும் பரிபூரண பலன் உண்டென்று செலஸ்டின் ஆணையிட்டார். காணிக்கை கேட்கவில்லை, தகுதி கேட்கவில்லை. 1300-இல் போனிஃபாஸ் அறிவித்த யூபிலி ஆண்டுக்கு ஆறு ஆண்டுகள் முந்தியது இது. போனிஃபாஸ் அந்த ஆணையை நீக்கியபோதும், லாக்விலா மக்கள் அதன் மூலச்சுவடியைக் கொடுக்காமல் காத்தனர். இன்றும் ஆண்டுதோறும் நகரத் தலைவர் அதனை மக்கள் முன் படிக்கிறார். 2022 ஆகஸ்ட் 28 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே சென்று புனிதக் கதவைத் திறந்தார். செலஸ்டினை மறுப்பின் மனிதராக நினைப்பது பிழை, அவர் இறைவனுக்கு ஆம் என்று சொன்னவர் என்று அன்றைய மறையுரையில் அவர் எடுத்துரைத்தார்.

தாந்தே ஒரு வாயிலில் அந்த முதியவரை நிறுத்தினார்; உள்ளே நுழைவோர் நம்பிக்கையைக் கைவிட வேண்டிய வாயில் அது. அந்த முதியவரோ வேறொரு வாயிலை நமக்குத் திறந்து வைத்துச் சென்றார். அதன் வழியே மன்னிப்புத் தேடி வருவோரிடம் நீ யார், என்ன செய்தாய் என்று யாரும் பெயர் கேட்பதில்லை. நம் பொறுப்புகளில், இயலாததை இயலாது என்று சொல்லத் துணியாமல், இருக்கையை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும் நாம் எல்லாரும் அந்த இரண்டாம் வாயிலின் முன் சற்று நின்று பார்ப்பது நல்லது.